யாருடையதும் இல்லாத ஷூ

வாசலில் ஆண்பிள்ளை ஷூ ஒரு ஜோடி கிடக்கட்டும் என்று சொன்னதே போலீஸ்தான். எதிர் மாடியில் தனியாக இருந்த நர்ஸ் வீட்டில் திருடன் புகுந்த பிறகு, தெருப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு பெண் போலீஸ் பாடம் எடுத்தார். "வீட்ல ஆம்பள இருக்கிற மாதிரி தெரியணும். பெரிய ஷூவா பாத்து வாசல்ல போட்டு வைங்க."

நான் துணி ஆல்டரேஷன் செய்பவள். கணவன் என்னையும் மகளையும் விட்டுப் போன பிறகு, சாப்பாடு தையல் மெஷினில் ஓடுகிறது. வாடகை, தனியாக இருக்கும் பெண்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையில். போலீஸ் சொன்னால் தட்ட முடியுமா? பழைய சாமான் கடையில் பெரிய ஷூவாகத் தேடி வாங்கினேன். அசல் போலத் தெரியச் சேறுகூடத் தடவினேன். அவ்வப்போது இடம் மாற்றியும் வைப்பேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உதவித்தொகை ஆபீசிலிருந்து வந்த விசாரணைக்காரர் வாசலிலேயே குனிந்துவிட்டார்.

"இது யாரோடதும்மா?"

"யாரோடதும் இல்ல சார்."

"யாரோடதும் இல்லாத ஷூவுல சேறு எப்படிம்மா வரும்?"

"நான்தான் சார் தடவினேன்."

எனக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. போலீஸ் சொன்னதைச் சொன்னேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார். கட்டிலுக்கடியில் பார்த்தார். பல் பிரஷ்களை எண்ணினார். கொடியில் தொங்கிய பேன்ட்களைக் காட்டி, "இதெல்லாம்?" என்றார்.

"ஆல்டரேஷனுக்கு வந்தது சார். மூணும் வேற வேற இடுப்பு, பாருங்க."

"அப்ப மூணு பேரா?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன். இத்தனைக்கும் நான் எதையும் திருடவில்லை.

அடுத்த மாதம் பணம் வரவில்லை. வாடகை தராவிட்டால் இடத்தைக் காலி செய் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீசுக்கு ஓடினேன். அதே விசாரணைக்காரர்.

"வீட்ல ஆள் இல்லன்னு நிரூபிங்கம்மா."

"இல்லாத ஆள எப்படி சார் கூட்டிட்டு வந்து காட்டுறது?"

அவரும் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷன் இல்லை. பக்கத்து மேஜையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. ஒருத்தர் இருந்தாரு, இப்ப போயிட்டாருன்னு எழுதிக் கொடுங்க. போனவருக்கு ரூல் இருக்கு. இல்லவே இல்லாதவருக்கு எங்ககிட்ட ரூல் இல்ல. அந்த ஷூவையும் எடுத்துடுங்க."

எழுத மனமில்லை. ஆனால் மகளோடு நடுத்தெருவில் நிற்க முடியாது. எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. கட்டினவன் போனபோதுகூட யார் முன்னாலும் அழாதவள் நான். இப்போது முகமே தெரியாத ஒருத்தன் விட்டுப் போனதற்கு அழுகிறேன். எதற்கு அழுகிறேன் என்றும் தெரியவில்லை. கட்டினவனாவது செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இவன் ஷூவை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

பணம் வந்தது. ஷூ மெஷினுக்கு அடியில் போனது. வாசல் மொட்டையாகக் கிடந்தது.

நேற்று சாயங்காலம் ஒரு பேன்ட்டுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

பதில் இல்லை. மறுபடியும் தட்டினார்கள். திருடன் என்றால் உள்ளே ஆள் இருப்பதாகக் காட்ட வேண்டும். "என்னங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். ஆபீஸ்காரர் என்றால்? அந்த ஒரு வார்த்தையோடு வாடகை போய்விடும். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

மகள் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, காதோடு கேட்டாள்:

"அம்மா, அப்பா இருக்காருன்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?"