அங்கேயே செட்டில் ஆயிடு கண்ணு

நூர்முகமதுவின் மகள் ஜன்னா தன் இன்ஸ்டாகிராமைத் திறந்துவிட்ட அன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் அடுப்பில் வைத்ததை மறந்தார்கள். கேளம்பாக்கத்தில், கோவளம் போகிற ரோட்டை ஒட்டிய தெரு எங்களுடையது. அவள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பூட்டித்தான் கிடந்தது. ரிக்வெஸ்ட் கொடுத்தால் ஏற்கமாட்டாள். பூட்டி வைத்தால் உள்ளே என்னவோ இருக்கும், குறைந்தது ஒரு பையனாவது இருப்பான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

திறக்கச் சொன்னது அமெரிக்கா. அங்கே படிக்க விசா கேட்கிற பிள்ளைகள் தங்கள் பக்கங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்க வேண்டுமாம். பார்க்க வேண்டியவர் கான்சுலேட் அதிகாரி. முதலில் பார்த்தது நாங்கள்.

உள்ளே மணல். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் வெறும் மணல். வேரோடு சாய்ந்த சவுக்கு, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், கடல் பாதி தின்றுவிட்ட ஒரு சிமெண்ட் ரோடு. ஒரே இடத்தை ஆடியில் ஒரு படம், தையில் ஒரு படம் எடுத்து, கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்று கீழே குறிப்பு வேறு. பையன் என்று பார்த்தால் தூரத்தில் வலை இழுக்கிற நாலு மீனவர்கள். அதுவும் முதுகுதான் தெரிகிறது.

"இன்னாடி இது, மண்ணுக்கா இத்தினி பூட்டு?" என்று எதிர்வீட்டுச் சந்திரம்மாவுக்கு வருத்தமே வந்துவிட்டது.

சிவில் இன்ஜினியரிங் முடித்த ஜன்னா கடல் கரையை அரிப்பதைப் பற்றித்தான் மேலே படிக்கப் போகிறாள். இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. பாக்கி விசா மட்டும்தான். அந்த விசாவுக்குத்தான் எங்கள் அன்பு வேட்டு வைக்கப் பார்த்தது.

ஆரம்பித்து வைத்தவர் செங்கல்பட்டு ஷஹர்பானு. ஜன்னாவின் அம்மா ஷாஹிதாவுக்கு அக்கா, அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையது. சவுக்கு மரப் படத்துக்குக் கீழே எழுதினார்: "மாஷா அல்லாஹ். போயி அங்கியே நல்லபடியா செட்டில் ஆயிடு கண்ணு. திரும்பிக்கூடப் பாக்காத. அப்பால உன் தம்பியயும் அங்க இட்டுக்கோ." நாங்கள் அதற்கு இதயம் போட்டோம். சந்திரம்மா சீக்கிரமே கிரீன் கார்டு கிடைக்க வேண்டிக்கொண்டார். அங்கே நல்ல மாப்பிள்ளை இருக்கிறான் என்று ஒரு மாமா துப்பு கொடுத்தார். அரிப்பைக் காட்டப் போட்ட படமெல்லாம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி களை கட்டிவிட்டது.

பிரியாணிக் கடை மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் கலைவாணன் இதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தான். அவன் இதுவரை ஏரோப்ளேன் ஏறியதில்லை, அது வேறு விஷயம்.

"பாய், அந்த ஆபீசர் மனசுல ஒரே கேள்விதான். படிச்சிட்டு இந்தப் பொண்ணு திரும்பி வருமா, வராதா? வராதுன்னு தோணிச்சுன்னா விசா கெடையாது. இங்க உங்க சொந்தக்காரங்க மொத்தப் பேரும் வராது வராதுன்னு சாட்சி கையெழுத்து போட்டு வச்சிக்கிறாங்க!"

ஜன்னா பெரியம்மாவின் கமெண்ட்டை அழித்தாள். சோறு பொங்குவதற்குள் செங்கல்பட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

"நா அல்லாகிட்ட கேட்ட துவாவையே அழிச்சிட்டியா? பெரியம்மா வாயால வர்றது உனுக்கு ஆகாதா?"

போனை வைத்த கையோடு அதே துவாவை வேறு மூன்று படங்களுக்குக் கீழே போட்டார். ஷாஹிதா முந்தானையில் கண்ணைத் துடைத்தார். கலைவாணன் எல்லாரையும் பிளாக் செய்யச் சொன்னான். பெரியம்மாவைப் பிளாக் செய்கிற தைரியம் அந்த வீட்டில் பூனைக்குக்கூட இல்லை.

அப்போதுதான் ஜன்னா நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். பதில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொருவருக்கும், பெயர் போட்டு, எல்லாரும் பார்க்க.

"பெரியம்மா, உங்க துவா தலைமேல. ஆனா நான் அங்க செட்டில் ஆவப் போறதில்ல. படிச்சிட்டு வந்துடுவேன். கடல் இங்கதான கீது?"

"வந்து இன்னா பண்ணுவ? கடல் போனா போவுது!"

"போவாம நிறுத்தத்தான் படிக்கப் போறேன்."

"இத்தினி படிச்சிட்டு மறுபடி இந்தப் புழுதிக்கா வருவ? ஊரு சிரிக்கும்டி!"

ஊர் சிரிக்கவில்லை. ஊருக்கு அதற்கு நேரம் ஏது? சார்ஜரைச் சொருகிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்குப் பதில்: மாப்பிள்ளை வேண்டாம். சந்திரம்மாவுக்குப் பதில்: அக்கா, கிரீன் கார்டும் வேண்டாம், நான் வரும்போது உங்க வூட்டுக் கருவாட்டுக் குழம்பு இருந்தால் போதும். சந்திரம்மா அன்றே கட்சி மாறிவிட்டார்.

பாத்திரக்கடை நூர்முகமது பேசுவதே குறைவு. எங்கேயும் ஒரு வரி எழுதியவர் இல்லை. அவர் கடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி ஒரு கமெண்ட் போட்டார்: "என் மகள் வருவாள். வராவிட்டால் நான் போய் அழைத்து வருவேன்."

"திருப்போரூருக்கே பஸ் நம்பர் கேக்குற ஆளு, அமெரிக்கா போவாராம்!" என்று எழுதிவிட்டு ஷஹர்பானு அதோடு அந்தக் குடும்பத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கலைவாணன் தலையில் கை வைத்தான். "குடும்பச் சண்டைய நடுத்தெருவுல போட்டு வச்சா ஆபீசர் பாக்கமாட்டாங்களா?"

"பாக்கட்டும் சார். தொறந்து வைக்கச் சொன்னதே அவங்கதான?" என்றாள் ஜன்னா.

நேர்காணல் அன்று காலையில் ஷாஹிதா ஒரு வாய் நாஸ்தா இறக்கவில்லை. விசாவும் போகும், அக்காவும் போய்விட்டாள் என்று எங்களிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். எங்களுக்கும் பயம்தான். இதயம் போட்டவர்கள் ஆயிற்றே. ஒன்றிரண்டு பேர் சத்தமில்லாமல் எடுத்துவிட்டதும் எனக்குத் தெரியும்.

உள்ளே நடந்ததை ஜன்னா அம்மாவிடம் சொன்னாள். அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் சொன்னார். பேச்சு நடந்தது இங்கிலீஷில், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாராம்: "உங்க பெரியம்மா நீங்க திரும்பியே பாக்க வேணாம்னு சொல்றாங்களே?"

"ஆமா மேடம். எங்க ஊர்ல அது வாழ்த்து. மனசார சொன்னாங்க. அத ஒத்துக்காத ஆள் நான்தான். அதுக்குக் கீழயும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் மொழிபெயர்த்துக் குடுத்தாங்க. படிச்சேன்." அந்த அம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தார். "கூட்டிட்டு வந்துடுவேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, யாரு?"

"எங்க அத்தா. இப்ப வாசல்லதான் நிக்கறாரு."

"பெரியம்மா உங்ககிட்ட பேசறாங்களா?"

"இல்ல மேடம். நான் திரும்பி வருவேன்னு சொன்னதுலருந்து பேசறதில்ல."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "திரும்பி வருவேன்னு எல்லாரும் என்கிட்டத்தான் சொல்வாங்க. நீங்க சொந்தக்காரங்ககிட்டயே சொல்லி சண்டை போட்டிருக்கீங்க. விசா தர்றேன். பெரியம்மாகிட்ட முதல்ல நீங்களே பேசுங்க."

வாசலில் நின்ற நூர்முகமது, மகள் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். பாத்திரம் கீழே விழுந்தால்கூட முகம் மாறாத மனுஷன்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இருவரும் இறங்கியபோது தெருவே வெளியில் நின்றது. யாரோ சரம் கொளுத்தினார்கள். கலைவாணன் அதற்குள் தன் மாடியில் ஜன்னா படம் போட்ட பேனர் கட்டிவிட்டான். சொந்தக்காரர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று அடுத்து வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கூடக் கொடுப்பான், செய்யக்கூடிய ஆள்தான்.

ஜன்னா வீட்டுக்குள் கூடப் போகவில்லை. வாசலில் நின்றபடியே செங்கல்பட்டுக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மா, கெடச்சிடுச்சு!"

மறுநாள் பொழுது ஏறுவதற்குள் ஷஹர்பானு பஸ்ஸை விட்டு இறங்கினார், கையில் ஒரு தூக்கு நிறைய நெய்ச்சோறு. ஜன்னாவின் வாயில் முதல் கவளத்தைத் திணித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நா மட்டும் அப்டி எழுதாங்காட்டி இவ இப்டி பதில் சொல்லியிருப்பாளா? இவ பதில் சொல்லாங்காட்டி அந்தம்மா விசா குடுத்திருக்குமா? நீங்களே சொல்லுங்க, விசா யாரால வந்துச்சு?"

"உங்களாலதான் பெரியம்மா," என்றாள் ஜன்னா, வாய் நிறையச் சோறோடு சிரித்துக்கொண்டு.

எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் அதில் ஒரு பொய்யும் தென்படவில்லை. எங்கள் தெருவுக்குத் தாங்க முடியாதது அதுதான்.