காயிலுக்கு வராத கரண்ட்

கொங்கு மண்டலத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்பதை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய வீடு தங்களுடையதுதான் என்று மதன்குமார் அறிவித்தான். அறிவிக்கும்போது காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கிடந்தான். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கால்களில் சிரிப்பின் அறிகுறி இல்லை.

ஆதாரம் அந்தக் கார்தான். தொண்ணூறுகளில் வாங்கிய வண்டி. எலெக்ட்ரானிக் இக்னிஷன், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பெரிய காயில், நாய் குரைக்கிற மாதிரி சைலன்சர், அடியில் நீல விளக்கு எல்லாம் அவன் மாட்டியது. வார நாட்களில் அவனுடைய அக்கா லோகப்பிரியா அதை ஓட்டிக்கொண்டு துடியலூரிலிருந்து கருமத்தம்பட்டிக்கு வேலைக்குப் போவாள். ஓட்டுவது அவள், பெட்ரோல் போடுவது அவள், பின்கண்ணாடியில் பெயர் மட்டும் அவனுடையது. சமம்.

கோளாறு இதுதான். ஆர்.எஸ்.புரம் போகும்போது மட்டும் வண்டி நின்றுவிடும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அதற்குள் அவள் பார்க்க வேண்டிய ஆள் கிளம்பியிருக்கும். யார் என்று அவள் சொல்லவில்லை.

"இந்தச் சனிக்கிழமை போய்ச் சேரலீன்னா அப்பறம் போயும் பிரயோசனமில்ல, தம்பி," என்றாள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டே.

மதன் காயில் சூடாகிறது என்றான். மாற்றினான். வண்டி நின்றது. பிளக் ஒயர் என்றான். மாற்றினான். நின்றது. அவன் படிக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் இதற்கு மேல் பாடம் கிடையாது.

"சூடுன்னா கருமத்தம்பட்டி போறப்ப ஏன்டா நிக்கறதில்ல? அது இன்னும் தூரமல்லோ?"

"அது நல்ல ரோடுக்கா."

கடைசியில் உருப்படியாக ஒன்று செய்தான். காயிலுக்கு வரும் ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினான். வண்டி நின்ற பிறகும் பல்பு எரிந்தால் கோளாறு காயிலிலோ அதற்கு அப்பாலோ. அணைந்தால் சாவிக்கும் காயிலுக்கும் நடுவே. புதன்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டு ஆர்.எஸ்.புரம் கிளம்பினாள். வழியிலிருந்து அவனுக்குப் போன் செய்தாள்.

"பல்பு அணைஞ்சுபோச்சு."

வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் வேலைக்குப் போக, மதன் மறுபடி டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தான். அவனே இழுத்துவிட்ட ஒயர்கள் கொத்துப் புரோட்டா மாதிரிக் கிடந்தன. நடுவில் அவன் இழுக்காத ஒயர் இரண்டு. அவை ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போயின. உள்ளே சிம் கார்டு. வண்டி எங்கே போகிறது என்று போனில் காட்டும். மெசேஜ் அனுப்பினால் இக்னிஷனை வெட்டி வண்டியை நிறுத்திவிடும். திருடனுக்காக விற்கிற சாமான்.

பெட்டியைப் பற்றிக் கேட்டதும் அப்பா சென்னிமலை எதையும் மறைக்கவில்லை.

"அந்தப் புள்ள எவனையோ பாக்கப் போறாப்புல இருக்குது, கண்ணு. பையன் ஆருன்னு தெரியற வரைக்கும் நிறுத்தி வெச்சேன். திட்டுனனா, அடிச்சனா? ஒரு மெசேஜுதான?"

"ஏனுங்கப்பா, பெத்த புள்ளைய போன்ல ஆஃப் பண்றீங்களே, அவ என்ன பம்புசெட்டுங்களா?"

"தோட்டத்து மோட்டாரையும் போன்லதான் நிறுத்தறேன். அது கோவிச்சுக்குதா?"

மதன் அப்பாவைக் காட்டுமிராண்டி என்றான். 'ங்க' போட்டுத்தான் சொன்னான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, "செரி, கழட்டிப்போடு" என்றார். அவர் போனிலிருந்த, வண்டியை நிறுத்துகிற மெசேஜைப் பெட்டியின் நம்பரோடு தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான் மதன். ஆதாரத்துக்காம். கல்லூரி மகளிர் தினத்தில் இதைப் பற்றிப் பேசப் போகிறானாம்.

சாயங்காலம் அக்கா வந்தபோது அவன் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது.

"என்னடா கோளாறு?"

"சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. ஆருக்கா அவன்? எந்தச் சாதியா இருந்தாலும் நான் உம்பக்கம் நிப்பேன்."

அக்கா சிரித்துவிட்டாள். "அவனா? வக்கீலம்மாடா. அறுவது வயசு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை அப்பா என்னையப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறாரு. தோட்டத்துல எனக்குப் பங்கு வேண்டாம்னு உம்பேருக்கு எழுதிக் குடுக்கோணுமாம். எனக்கு வேணும்டா. பாதிதான கேக்கறேன்? சனிக்கிழமை நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டா, அந்தம்மா அன்னைக்கே அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பறேங்கறாங்க. நீ எம்பக்கம்னு சொன்னியே, அதான் சொல்லிப்போட்டேன்."

மதன் பிளேயரைக் கீழே வைத்தான். குனிந்து எதையோ உள்ளே தள்ளினான். மூடியைப் பொருத்தி ஸ்க்ரூவை முறுக்கினான். முறுக்கின ஸ்க்ரூவை இன்னொரு தடவை முறுக்கினான்.

"செரியாயிருச்சா?"

"ஆயிருச்சுக்கா. ஒரு ஒயரு லூசா இருந்துச்சு."

சனிக்கிழமை காலையில் அக்கா கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மதன் மேட்டுப்பாளையம் ரோட்டு பேக்கரிக்குப் போனான். டீயும் தேங்காய் பன்னும் சொன்னான். போனை எடுத்து ஒரு மெசேஜ் அனுப்பினான். பன் வருவதற்குள் போன் அடித்தது. ஹாரன் சத்தங்களுக்கு நடுவே அக்கா கத்தினாள்.

"தம்பி, மறுபடி நின்னுபோச்சுடா!"

"அடடா. எங்கக்கா நிக்கற?"

"கவுண்டம்பாளையத்துல. அந்தம்மா கெளம்பிருவாங்கடா. வண்டிய இங்கயே உட்டுப்போட்டு ஆட்டோல போயிரட்டா?"

"வேண்டாம்க்கா, போலீஸ்காரன் இழுத்துட்டுப் போயிருவான். வண்டிய உட்டு எங்கயும் நகராத. நான் வாரேன்."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"ஏனுங்க," என்றான் கடைக்காரரிடம், "இன்னொரு டீங்க."