ஆர்லிஸ் போட்டு வைத்த ஓட்டு

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வருகிற வருடம் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் சாயும் என்று உலகத்துக்கே தெரியும். நாங்கள் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். அதனால் ஆகஸ்டு பிறந்தால் போதும், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். மாட்டுக் கொட்டகையில் நிற்பவனைக்கூட விடாமல் கட்சிக்காரர்கள் தேடி வந்து கைகொடுப்பார்கள்.

அப்படி வருகிறவர்கள் வெண்டல் ஜாடின் வீட்டு வாசலில் மட்டும் குழம்பிப் போவார்கள். அந்த வீட்டுத் தபால் பெட்டிக்கு ஒரு பக்கம் ஒரு கட்சியின் பிரசார அட்டை நட்டிருக்கும்; மறுபக்கம் மற்றக் கட்சியின் அட்டை. ஒன்று வெண்டல் நட்டது, ஒன்று அவர் மனைவி ஆர்லிஸ் நட்டது. எது எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. பதினாறு வருடமாக எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராக உட்காருகிறேன். வாயைக் கட்டிப் பழகிவிட்டது. ஆர்லிஸும் நானும் ஒரே கட்சி என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தாறு வருடம் அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வெண்டல் வரிசையில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "நான் ஒண்ணு போடறேன், இவ அதை அழிக்கிறா. ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்திருந்தா பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்."

"நீ இரு கிழவா, நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்னு காலையிலேயே சொன்னேனே. நீதானே முதல்ல ஓடிவந்து வண்டியில ஏறினே?" என்பாள் ஆர்லிஸ். பழைய வேடிக்கைதான். ஆனாலும் வரிசையில் நிற்பவர்கள் அதைக் கேட்கக் காத்திருப்பார்கள்.

போன தேர்தலின்போது அவளுக்கு நுரையீரல் மோசமாகிவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். செப்டம்பர் கடைசியில் தபால் ஓட்டு போட்டு அனுப்பினாள். அக்டோபர் இரண்டாவது வாரம் இறந்துபோனாள்.

தேர்தல் நாளன்று காலையிலிருந்தே பனியும் மழையுமாகக் கொட்டியது. தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகையை ஒட்டிய ஊர் மண்டபம்தான் எங்கள் சாவடி. என் பக்கத்து நாற்காலியில் பெர்னெல் லெமென்ஸ். சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேஜையில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது விதி. அவர் வெண்டலின் கட்சி. பதினாறு வருடமாக என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே என் கட்சியைக் கிண்டல் செய்பவர்.

பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் தபால் உறைகளை எடுத்தோம். ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்து, பட்டியலில் குறித்து, உறையைப் பிரித்து, சீட்டை எண்ணுகிற இயந்திரத்தில் விட வேண்டும். இருபத்து மூன்றாவது உறையைக் கையில் எடுத்த பெர்னெல் பெயரைப் படிக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

ஆர்லிஸ் ஜாடின். கையெழுத்து கோணல்மாணலாகக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு அடியில் சாட்சிக் கையெழுத்து, வெண்டலுடையது.

"போட்டுடு லோர்ணா," என்றார் பெர்னெல் மெதுவாக.

"எதை?"

"மெஷின்லதான். உயிரோட இருக்கும்போது போட்டதுதானே? நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"இது உங்க ஆளுக்கு எதிரா விழற ஓட்டு."

"அது எனக்குத் தெரியாதா? என் பொண்ணு கல்யாணத்துக்கு நூத்தம்பது பேருக்கு அந்தம்மா ஒத்தை ஆளா கேக் சுட்டுக் குடுத்தாங்க. இந்த ஒரு ஓட்டுல எங்க ஆளு தோத்தா தோக்கட்டும்."

எங்கள் மாநிலத்தில் தபால் ஓட்டு போட்டவர் தேர்தல் நாளுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்த ஓட்டு சேராது. அது எனக்கும் தெரியும், பெர்னெலுக்கும் தெரியும். அவள் இறந்தது ஊருக்கே தெரியும். அடக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே போயிருந்தோம். என் கட்சிக்கு விழ வேண்டிய ஓட்டு, என் சிநேகிதியின் ஓட்டு. அதைத் தள்ளி வைக்க வேண்டியவள் நான். உறையின் மேல் 'வாக்காளர் காலமானார்' என்று எழுதினேன். இரண்டே சொல்தான். அதற்கே நேரமாயிற்று. பெர்னெலும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நிராகரித்தவற்றைப் போடுகிற பழுப்பு உறைக்குள் அதை வைத்தேன். அப்புறம் ரொம்ப நேரம் அவர் என் பிஸ்கட்டைத் தொடவில்லை.

பதினோரு மணிக்கு வெண்டல் வந்தார். தனியாக. வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாருமே வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஜைக்கு வந்து அடையாள அட்டையைக் காட்டினார், கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கேட்டார்:

"ஆர்லிஸோட உறை வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு வெண்டல்."

"எண்ணியாச்சா?"

நான் எழுந்து அவரை மண்டபத்தின் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். காப்பிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. விதியைச் சொன்னேன். "நான்தான் எடுத்து வச்சேன். வேற யாரும் இல்ல, நான்தான்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது நிமிஷம் ஆச்சு லோர்ணா அவளுக்கு. கை நடுங்குது, வட்டத்துக்குள்ள மை நிக்க மாட்டேங்குது. நான் பிடிச்சுக்கவான்னேன். எட்டிப் பாக்காதே கிழவா, அந்தப் பக்கம் திரும்பி உக்காருன்னா. ஜனாதிபதியில ஆரம்பிச்சு கடைசியில இருக்கற கவுன்டி குமாஸ்தா வரைக்கும் ஒவ்வொரு பேரையும் சத்தமாப் படிச்சா. நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினா."

"என்னை மன்னிச்சுடுங்க."

"நீ என்ன பண்ணுவே? சட்டம் அப்படி. அவ இருந்தாலும் நீ செஞ்சது சரின்னுதான் சொல்லியிருப்பா. என்ன, உன்னை நாலு திட்டு திட்டிட்டுச் சொல்லியிருப்பா."

தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடுகிற மறைப்புக்குப் போனார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு சீட்டை இயந்திரத்தில் விட்டார். பெர்னெலின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் பனிமழைக்குள் இறங்கிப் போனார்.

இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம். இயந்திரம் நீளமான காகிதச் சுருளைக் கக்கியது. பெர்னெல் அதைப் பிடித்துப் படிக்க, நான் எழுதினேன். எல்லாப் பதவிகளுக்கும் ஒரே சீட்டில்தான் ஓட்டு. மொத்தம் பதிவான சீட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஜனாதிபதி பதவிக்கு விழுந்தவை நானூற்றுப் பதினொன்று.

"இதென்ன கூத்து? இவ்வளவு கலாட்டா பண்ணி, எவனோ ஒருத்தன் ஜனாதிபதியையே மறந்து..." என்று ஆரம்பித்த பெர்னெல் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஓட்டு ரகசியம். கேட்கவும் கூடாது, யூகிக்கவும் கூடாது. சுருளில் கையெழுத்துப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தோம்.

மறுநாள் விடிந்தும் முடிவு வரவில்லை. நாடே எங்கள் மாநிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மில்வாக்கி நகரத்தில் இன்னும் எண்ணுவதாக வானொலி சொன்னது. நான் ஒரு பாத்திரம் கோழி சூப்பை எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை மேஜையில் மாநில வரைபடம் விரித்திருந்தது. மாவட்டம் மாதிரி எழுபத்திரண்டு கவுன்டிகள். பக்கத்தில் இரண்டு வண்ணப் பென்சில்கள். தன் கட்சி ஜெயித்த கவுன்டிகளுக்கு மட்டும் வெண்டல் வண்ணம் அடித்திருந்தார். மற்றவை வெள்ளையாக இருந்தன.

"மத்தது ஏன் அப்படியே கிடக்கு?"

"அது அவ வேலை," என்றார். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, "நீ அடிக்கிறியா?" என்றார்.

உட்கார்ந்து அடித்தேன். வானொலி ஒவ்வொரு கவுன்டியாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒன்று நான் ஒன்று. நான் கோட்டுக்கு வெளியே அடித்தால், "ஏரிக்கு எல்லாம் ஓட்டு கிடையாது லோர்ணா," என்று கிண்டல் செய்தார். அந்தக் காகிதச் சுருளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு அறிவித்தார்கள். எங்கள் மாநிலம் வெண்டலின் ஆளுக்கு, சில ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில். எங்கள் மாநிலத்தோடு நாடும் அவருக்கே. நான் பென்சிலைக் கீழே வைத்தேன். வெண்டல் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எதிரிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு. நாலு வருஷம் சீக்கிரம் ஓடிடும்."

அப்போது தொலைபேசி அடித்தது. தலைநகர் மாடிசனில் இருக்கிற அவர் மகள் கோலெட். அவளும் அம்மாவின் கட்சி. தேர்தல் வந்தால் அப்பாவும் மகளும் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். வெண்டலுக்குக் காது மந்தம்; தொலைபேசியின் ஒலியைக் கூட்டியே வைத்திருப்பார். அதனால் அவள் குரல் எனக்கும் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, ஜெயிச்சதுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அம்மா இருந்திருந்தா இந்நேரம் எனக்குப் போன் பண்ணியிருப்பா. ரெண்டு பேரும் சேந்து உங்களைத் திட்டியிருப்போம்."

"இப்பத் திட்டேன். நான் கேக்கறேன்."

அவள் சிரித்தாள் போலிருந்தது. "அம்மாவோட ஓட்டை எண்ணினாங்களாப்பா?"

வெண்டல் என்னைப் பார்த்தார். பொய் சொல்லிவிடுங்கள் என்று நான் தலையாட்டக்கூட நினைத்தேன்.

"இல்லம்மா. எண்ணல. விதி அப்படி." தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா நீ வருத்தப்படாதே. ஜனாதிபதி இடத்துல நானும் யாருக்கும் போடல. மத்ததெல்லாம் போட்டேன், அதை மட்டும் விட்டுட்டேன். இத்தனை வருஷம் அவ என்னோடதை அழிச்சா, நான் அவளோடதை அழிச்சேன். அவளோடது இல்லாதப்ப என்னோடதை மட்டும் எண்ணினா அது அழுகுணி ஆட்டம் இல்லையா?"

கோலெட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "உங்க ஆளு தோத்திருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"தோத்திருந்தா உங்கம்மா மேலேருந்து சிரிச்சிருப்பா. அது பரவாயில்லைன்னுதான் நினைச்சேன்."

"வெள்ளிக்கிழமை வரேன்பா. ரெண்டு நாள் இருக்கேன்."

"வா. மீன் வறுவல் சாப்பிடப் போகலாம்."

போனை வைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"லோர்ணா, மாடி ரூம் கட்டிலுக்கு விரிப்பு எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அவதான் எல்லாம் எடுத்து வைப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் மாடிக்கு ஏறி, அலமாரி அலமாரியாகத் திறந்து தேட ஆரம்பித்தோம்.