கண்ணை மூடிப் பார்த்த படம்

பன்னிரண்டு மாடி உயரத்தில், கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்று கிரீஸ் தடவுகிறவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. உண்மையில், திரையில் ஒரு கதவு மெல்லத் திறந்தால் போதும், ஆசாமிக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அப்படிப்பட்டவன் ஞாயிறு தவறாமல் பேய்ப்படம் பார்க்கப் போகிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அந்தக் காரணம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கடை இருந்த கட்டடத்து லிஃப்டை அவன் சரிசெய்யப் போனபோது, அவள் மேஜைமேல் தடித்த பேய்க்கதைப் புத்தகம் ஒன்று குப்புறக் கிடந்தது. "நீங்க இதெல்லாம் படிப்பீங்களா?" என்று அவள் கேட்டாள். அவள் கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று பட்டது.

"இத மட்டும்தான் படிப்பேன்," என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க. நாங்க மூணு பேர் இருக்கோம். நாலாவதுக்கு ஆள் தேடிட்டிருந்தோம்."

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரை இறக்கி, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையைக் கழற்றி வைத்தால் பின்னறைச் சுவர் திரையாகிவிடும். அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர். புரொஜெக்டர் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரவர் என்ன படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

"ஒரு வீட்டுல தினம் ஒரு ரூம் கூடுது," என்றார் டீச்சர் அன்றைக்கு. "நூத்தி இருபதாம் பக்கத்துல பதினேழு ரூம் வரணும். பதினெட்டுன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா, இல்ல அதுதான் பேயான்னு தெரியாம ரெண்டு நாளா சோறு எறங்கல."

"என்னுதுல கடைசி சீட்ல ஏறினவன் எறங்கவே மாட்டேங்கிறான்," என்றார் டிரைவர். "இப்பல்லாம் டெப்போவுக்குள்ள வண்டிய விடறதுக்கு முன்னாடி பின்னாடி போய் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் விடறேன்."

கண்ணாடிக்காரி அதே தடித்த புத்தகத்தை மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் முடிவு வேறு மாதிரி புரிகிறதாம். மெக்கானிக் வழக்கம்போல், "பாதியில இருக்கேன்," என்றான். எட்டு வாரமாக அவன் பாதியில்தான் இருந்தான்.

படம் பார்ப்பதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். விளக்கு அணைந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அவ்வளவுதான். மற்ற மூவரும் முன்வரிசை, இவன் பின்னால். படம் முடிந்ததும், முடிவு என்ன என்று ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் கருத்து சொல்லக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். இவன் கடைசியில் தொண்டையைச் செருமி, "டீச்சர் சொன்னதுதான் எனக்கும் படுது," என்று சொல்லித் தப்பித்துவிடுவான்.

அன்றைய படம் தெளிவில்லாத முடிவுக்குப் பேர் போனது. கடலுக்குப் போய்த் தொலைந்த கணவன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். இருவரும் மரப்படி ஏறி மாடிக்குப் போகிறார்கள். திரை இருண்டுவிடுகிறது. வந்தவன் உயிரோடு வந்தானா, செத்து வந்தானா?

விளக்கைப் போட்டதும் கண்ணாடிக்காரி திரும்பி உட்கார்ந்தாள். "இன்னிக்கு மொதல்ல நீங்க சொல்லுங்க. எப்பவும் கடைசியிலயே மாட்டிக்கிறீங்க, பாவம்."

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் குட்டு வெளிப்படும். குட்டு வெளிப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமையோடு அவளும் போனாள். வேறு வழியில்லாமல் காதில் விழுந்ததைச் சொன்னான்.

"மாடி ஏறினது ஒரு ஆள்தான்."

"ரெண்டு பேரும் ஏறினத கண்ணால பாத்தோமே, தம்பி," என்றார் டிரைவர்.

"அந்த மூணாவது படி லூசு, அண்ணே. ஆரம்பத்துல புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் சேந்து ஏறும்போது அது ரெண்டு தடவ முனகுச்சு. கடைசியில ஒரு தடவதான். ஒருத்தருக்கு எடையே இல்ல."

டீச்சர் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். முன்பு இரண்டு. இப்போது ஒன்று. மறுபடியும் ஓட்டினார்கள். ஒன்றேதான்.

"புல்லரிக்குது," என்று டிரைவர் கையை நீட்டிக் காட்டினார். டீச்சர் நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

கண்ணாடிக்காரியின் முகம்தான் மெக்கானிக்கைக் கவிழ்த்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அவன் பார்த்ததில்லை. "அஞ்சு தடவ பாத்திருக்கேன் இந்தப் படத்த," என்றாள் அவள். "உங்கள மாதிரி ஊன்றிப் பாக்கிற ஒருத்தர இத்தனை நாள் தேடிட்டிருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய்க்குள் உட்கார அவனால் முடியவில்லை.

"நான் பாக்கல," என்றான். "கண்ண மூடிட்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டே பழுது கண்டுபிடிக்கிறவன், அதான் காதுல விழுந்துச்சு. எனக்குப் பேய்ப்படம்னா பயம்."

"முன்னாடி பாத்த படமெல்லாம்?"

"ஒண்ணும் பாக்கல."

"அந்தப் பாதி புத்தகம்?"

"முப்பது பக்கம். அதுவும் பஸ்ல, கூட்டத்துல நின்னுக்கிட்டு."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்கள வாரா வாரம் பாக்க வேற வழி தெரியல." அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் ஆரம்பித்ததை முடித்தான். "லிஃப்ட அரைகுறையா ரிப்பேர் பண்ணி விட்டிருந்தா வந்துட்டே இருந்திருக்கலாம். தொழில்ல பொய் பண்ண மனசு வரல."

"என்கிட்ட பண்ண மட்டும் வந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமாக இருந்தது. பேய் தேவலை என்று இருந்தது.

"தப்புதான்," என்றான். "மன்னிச்சிடுங்க."

அவள் எழுந்து எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டினாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். அவனைப் பார்க்காமலே, "அடுத்த ஞாயித்துக்கிழமை படத்துக்கு வராதீங்க," என்றாள்.

டிரைவர் டீச்சர் பக்கம் சாய்ந்தார். "போச்சா?"

"அவசரப்படாதீங்க," என்றார் டீச்சர் தணிந்த குரலில். "படத்துக்குன்னுதானே சொன்னா. ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம். நல்ல முடிவு."

"நல்ல முடிவு இல்ல, டீச்சர்," என்றான் மெக்கானிக். கைப்பையை எடுத்தவன் அங்கேயே நின்றான். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்டுல மாட்டினவங்கள எத்தன பேர வெளிய எடுத்திருக்கேன். அந்த அவஸ்தை எனக்குத் தெரியும். நான் வேணுமா, வேணாமா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, கேட்டுக்கறேன்."

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

"வேணும்," என்றாள். "படம் வேணாம். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, அம்மாகிட்ட பேசிக்கலாம். வந்து, இவ்வளவு நாள் புளுகினத மொதல்ல நீங்களே சொல்லிடணும்."

"சொல்லிடறேன்," என்றான் மெக்கானிக். இந்த முறை அது உண்மை.