தர்மக்கல்லில் நுழைந்த கை

சேஃபரை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. சிவாஸிலிருந்து மனைவி மக்களோடு வந்து, இஸ்தான்புல்லில் எங்கள் தெருவில் குடியேறிய சேணம் தைப்பவன். எதைக் கேட்டாலும் சிரிப்பான். சிரித்தே மழுப்புகிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்த மாதம் நீதிபதியான காஜியின் உத்தரவு வந்தது. நகரத்தில் கலகக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்களாம். ஒவ்வொரு ஆணுக்கும் அதே தெருக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்; இல்லையென்றால் குடும்பத்தோடு வெளியேற வேண்டும். சேஃபர் பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் வந்து, 'உஸ்தா' என்று தொழில் தெரிந்த மூத்தவனுக்குரிய மரியாதையோடு கூப்பிட்டுக் கேட்டான். பார்க்கலாம் என்றேன். பார்க்கவும் செய்தேன்.

நான் மெத்தை தைக்கிற கடைக்கு எதிரே, பள்ளிவாசல் சுவரோரம் தர்மக்கல் நிற்கிறது. ஆள் உயரத் தூண், உச்சியில் ஒரு குழி. இருப்பவன் காசு போடுவான், இல்லாதவன் எடுத்துக்கொள்வான். யார் கை என்று பார்ப்பது பாவம். என் மனைவி குல்ஃபெம் இருமத் தொடங்கியதிலிருந்து, மருந்துக்காக வெள்ளிதோறும் விடிந்ததும் நானும் போய் எடுத்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் மாலைகளில் சேஃபர் அங்கே வருவான். இருபுறமும் பார்த்துவிட்டுக் கையை நுழைப்பான். இவன் கடை நன்றாக ஓடுகிறது, ஏழைகள் காசிலும் கை வைக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் விட்டுவைத்த மிச்சம்தான் எனக்குக் கிடைக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாம் லுத்ஃபுல்லா தெருவைக் கூட்டி, சேஃபருக்கு யார் ஜாமீன் என்று கேட்டார்.

"நான் நிக்க மாட்டேன். வாராவாரம் இவன் தர்மக்கல்லுல கை விடுறத என் கண்ணால பாத்தேன்," என்றேன். அன்று காலைகூட எனக்குக் காசு கிடைத்திருந்தது.

இமாம் அவன் பக்கம் திரும்பினார். "கை விட்டியாப்பா?"

"விட்டேன் எஃபெந்தி."

"எதுக்கு?"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "அது அல்லாவுக்குத் தெரியும். உஸ்தா பொய் சொல்லல."

மழுப்புகிறான் பாருங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். வேறு யாரும் முன்வரவில்லை.

ஞாயிறன்று சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். கிளம்பும்முன் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணிக்கு இருமல் தேவலையா உஸ்தா?"

இவனுக்கு எப்படித் தெரியும் என்று அதிலும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த வெள்ளி விடிந்ததும் குழியில் கை விட்டேன். தூசிதான் இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் தூசி. வியாழன் மாலைகளில் அந்தக் கை வருவது நின்றுபோயிருந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் துழாவிக்கொண்டே நின்றேன்.

அப்போது இமாம் அந்தப் பக்கம் வந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதையும் பார்க்காதவராகக் கடந்து போனார். நான் சேஃபருக்குச் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.