மிளகின் இடது கன்னம்

"பாருங்கக்கா, மறுபடியும் வந்துடுச்சு" என்று பஸ் ஓட்டும் அம்மா, மகளின் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். இடது கன்னம் திட்டாகச் சிவந்து சொரசொரத்திருந்தது. வலது கன்னத்துக்கு ஒன்றுமில்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயது. ஆள் சின்னது, கோபம் பெரியது என்பதால் காப்பகத்துச் சமையல்கார அக்கா அதற்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தாள். பகலெல்லாம் அதைத் தூக்கிச் சுமப்பவள் சின்னம்மா. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் அந்தக் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள்தான் சின்னம்மா.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று சின்னம்மா கேட்டாள்.

"இவளுக்கு ரொம்ப மென்மையான தோலாம். வாசனை கலந்தது எதுவும் ஆகாதாம். சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாத்தையும் வீட்டுல நிறுத்திட்டேன். லீவு நாள்ல நல்லா ஆறிடுதுக்கா. இங்க வந்தா திரும்ப வருது." அவள் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள். "உங்களைக் குறை சொல்லல. ஆனா இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா, வேலையை விட்டுட்டு நானே வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

அந்த ஓட்டுநர் இருக்கையில் போய் உட்காருவதற்கு அவள் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாள் என்பது சின்னம்மாவுக்குத் தெரியும். "அவசரப்படாதீங்க. இங்க என்ன இருக்குன்னு நான் பாக்கறேன்" என்றாள்.

அன்றே மிளகின் படுக்கை விரிப்பைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசினாள். தலையணை உறையை மாற்றினாள். தரை துடைக்கும் மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு வெறும் தண்ணீரில் துடைத்தாள். முகம் துடைக்கத் தனித் துணி வைத்தாள். சில நாள் போயிற்று. கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு மதியம் மிளகு தூங்க மறுத்து அழுதது. சின்னம்மா வழக்கம்போல இடது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு இன்னொரு தோள் இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"அந்தப் பக்கம் போட்டா ஊரைக் கூட்டுறாளே."

"அதான் உன் கழுத்துல தேச்சுத் தேச்சு ஒரு பக்கக் கன்னம் தேஞ்சு போச்சு போல."

அக்கா சிரித்தாள். சின்னம்மா சிரிக்கவில்லை. குழந்தைகள் கைகழுவும் இடத்துக் கண்ணாடிமுன் போய்க் குனிந்து பார்த்தாள். மிளகின் இடது கன்னம் அவள் கழுத்தில் ஒட்டிக் கிடந்தது. சிவந்த இடமும் கழுத்தில் பட்ட இடமும் ஒன்றேதான்.

அந்தக் கழுத்தில்தான் காலையிலும் மதியமும் அவள் பூ மணக்கும் லோஷன் பூசிக்கொள்கிறாள். துணி துவைத்தும் பாத்திரம் தேய்த்தும் வெடித்துப்போன அவள் கைகளைப் பார்த்துவிட்டு ஒருவர் அன்பாக வாங்கித் தந்த பாட்டில் அது. கைக்குப் பூசியது போக மிஞ்சியதைக் கழுத்தில் தடவிக்கொள்வாள். பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் கையை முகர்ந்து பார்க்கும்போது அவளுக்குப் பெருமையாக இருக்கும். வாங்கித் தந்தவள் வேறு யாருமில்லை, மிளகின் அம்மாதான்.

சின்னம்மா அன்றோடு லோஷனை நிறுத்தினாள். கழுத்தையும் கையையும் நன்றாகக் கழுவினாள், லோஷன் பட்ட தன் சட்டைகளை மறுபடி அலசிப் போட்டாள். அடுத்த வாரம் மிளகின் கன்னத்தில் சிவப்பு மங்கியது. அதற்கடுத்த வாரம் தேடினாலும் தெரியவில்லை.

"இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"துணி சோப்பு மேல பழியைப் போடு. அது வந்து மறுத்தா பேசப் போகுது?"

"இல்லக்கா. நாளைக்கு வேற யாராவது வாசனையைப் பூசிட்டு இவளைக் கொஞ்சுவாங்க. அவங்கம்மாவுக்கு விஷயம் தெரியணுமே."

"அப்ப சொல்லு. அவ முகம் வாடினா நீயே தேத்திக்கோ."

அன்று சாயங்காலம் விரிப்புகளை மடித்தபடி சின்னம்மா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். கடவுளே, ஆசையா வாங்கிக் கொடுத்த பொண்ணு. அவ மனசு நோகாம சொல்ல ஒரு வார்த்தை குடு. வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. மறைக்கக் கூடாது என்ற துணிவு மட்டும் வந்தது.

பஸ் ஓட்டும் அம்மா வந்ததும் மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "சுத்தமா போயிடுச்சே. என்னக்கா பண்ணீங்க?"

"நான் ஒண்ணு பூசறதை நிறுத்தினேம்மா. நீங்க குடுத்த லோஷனை. இவ என் கழுத்துல சாஞ்சுதான் தூங்குவா. அதுல இருக்கற வாசனை இவளுக்கு ஒத்துக்கல."

"அப்ப நானேதான் காசு குடுத்து என் பிள்ளைக்கு இந்த வினையை வாங்கிட்டு வந்தேனா?"

"நீங்க என் கையைப் பாத்து வாங்கிக் குடுத்தீங்க. இத்தனை வருஷத்துல என் கையை யாரும் அப்படிப் பாத்ததில்லம்மா. லோஷனைத்தான் நிறுத்தினேன். நீங்க பாக்கறதை எதுக்கு நிறுத்தணும்?"

அவள் சின்னம்மாவின் கையை எடுத்துத் திருப்பினாள். விரல் மடிப்புகள் மறுபடி வெடித்திருந்தன. பையைத் துழாவி, மிளகுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு டப்பாவை எடுத்தாள். வெள்ளையாக, மணமே இல்லாத களிம்பு.

"இது இங்கேயே இருக்கட்டும்க்கா. வீட்டுக்கு வேற வாங்கிக்கறேன். இவளுக்குப் போடும்போது நீங்களும் போட்டுக்குங்க." கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்குக் காலையில வழக்கமான நேரத்துக்கே கொண்டு வந்து விட்டுடட்டுமா?"

"பின்ன? பஸ்ஸை யாரு ஓட்டறது, இவளா?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அந்த லோஷனை வீசிடாதீங்க. எனக்கு எருமைத் தோல், ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போய்ப் பூசிக்கறேன்."

மறுநாள் மதியம் சின்னம்மா இரு கைகளிலும் களிம்பு பூசிக்கொண்டு மிளகைத் தூக்கினாள். அது அவள் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்தது. பூ வாசனையைக் காணாமல் முகத்தைச் சுளித்தது. நிமிர்ந்து, இது அதே சின்னம்மாதானா என்று ஒருமுறை பார்த்தது. பிறகு இடது கன்னத்தைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.