அக்டோபர் முப்பத்தொன்றும் எக்கார்ட்டின் ரிசர்வும்

எக்கார்ட்டுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருந்தால், அதைப் பற்றியும் அவர் ஒரு மணி நேரம் பேசுவார். மோட்டார் சைக்கிள் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அக்டோபர் கடைசியில் ஆல்ப் மேட்டில் பனி இறங்குகிறதோ இல்லையோ, எக்கார்ட்டின் பிரசங்கம் இறங்கிவிடும். வண்டியை எப்படிக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பது என்று ஊருக்கே பாடம் எடுப்பார். போன ஞாயிறுகூட மதுக்கடையில் கூட்டாளிகளை உட்கார வைத்து, பீர்க் கோப்பைக்குக் கீழே போடும் அட்டையில் பெட்ரோல் டேங்க்கைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். அவர்களும் பொறுமையாகத் தலையாட்டினார்கள், பீர் செலவு அவருடையது என்பதால்.

அவருடைய தங்கை ரோஸ்விதாவுக்கு அந்தப் பாடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும். வண்டி அவர்களுடைய அப்பாவுடையது, இருவருக்கும் பொது. அப்பா விட்டுப்போன விதி ஒன்றே ஒன்று. கெட்டுப்போகாமலிருக்கக் குளிர்கால மருந்து கலந்த பெட்ரோலை யார் ஊற்றுகிறாரோ, அவர் வீட்டில்தான் வண்டி தூங்கும். ஏப்ரலில் அதை எழுப்பி அந்தக் கோடை முழுக்க ஓட்டுவதும் அவர்தான். அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எக்கார்ட் முந்திக்கொண்டார். ரோஸ்விதாவும் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கேன் நிறைய பெட்ரோல் வாங்கி, மருந்து கலந்து, தன் கேரேஜில் தயாராக வைப்பாள். வசந்தம் வந்ததும் அதைப் புல் வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றுவாள். அந்த ஊரிலேயே ராஜபோகமாக வாழ்ந்த புல்வெட்டி அதுதான்.

அக்டோபர் முப்பத்தொன்று மத்தியானம் எக்கார்ட் தன் வீட்டு முற்றத்தில் வண்டியின் அருகே குனிந்து நின்றார். நம்பர் பலகையில் நாலு, பத்து என்று இரண்டு மாத எண்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் அதற்கு ரோட்டில் உயிர். நாளை காலை ரோட்டோரம் சும்மா நிறுத்தி வைத்தால்கூட அபராதம்.

"ரோசி, இங்க வா. ரிசர்வ்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே."

"தெரியாது. தனியா ஒரு டேங்க் இருக்குன்னு நெனச்சிட்டிருப்ப. டேங்க் ஒண்ணுதான். உள்ள அடியிலேந்து மேல நிக்கற ரெண்டு குழாய். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. பெட்ரோல் நெட்டைக்குக் கீழ எறங்கிட்டா இன்ஜின் இருமும். அப்ப இந்தத் திருகை மேல பாக்கத் திருப்பணும். குட்டைக் குழாய் உறிஞ்சும். முப்பது கிலோமீட்டருக்குக் கவலையே இல்ல."

ரோஸ்விதா திருகைப் பார்த்தாள். அது ஏற்கெனவே மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது இப்பவே..."

"குறுக்க பேசாத. உன்கிட்ட இருக்கற குறையே அதான்."

ஏப்ரலில் வண்டியை எழுப்பும்போது முதல் நாள் ரிசர்வில்தான் ஓட்ட வேண்டும், டேங்க்கின் அடியில் தங்கிய அழுக்கும் தண்ணீரும் வெளியே போய்விடும் என்பது எக்கார்ட்டின் இன்னொரு பாடம். நல்ல பாடம்தான். ஓட்டிய பிறகு திருகைத் திருப்பிவிட வேண்டும் என்ற கடைசி வரியை மட்டும் மறந்துவிட்டார். கிலோமீட்டரைக் கணக்கு வைத்துப் பாதி டேங்க்கிலேயே பெட்ரோல் போட்டுவிடுகிற மனிதர் என்பதால், கோடை முழுக்க வண்டி இருமவும் இல்லை, இவருக்கு உறைக்கவும் இல்லை.

"அண்ணே, அந்தத் திருகை ஒரு தடவ பாத்துடேன்."

"நீ பொம்மைக்குச் சட்ட மாட்டிட்டிருந்த காலத்துலயே இதத் திருகினவன் நான். இன்னிக்கு என்ன திட்டம் தெரியுமா? வண்டி இருமற வரைக்கும் ஓட்டுவேன். பழைய பெட்ரோல் தீரணும். அப்புறம் ரிசர்வ்ல பங்க்குக்குப் போய்ப் புதுசு நெரப்பி, மருந்து கலக்கணும். நீ கார்ல பின்னால வா. பாத்துக் கத்துக்க."

இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாம் முறை சொல்ல ரோஸ்விதா ஒன்றும் புனிதர் இல்லை. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினாள். மனம் கேரேஜில் இருந்த கேனிடம் ஓடியது. குற்ற உணர்ச்சியாலா ஆசையாலா என்று கேட்டால், ஆசையால்தான்.

மேட்டு ஊர்களைச் சுற்றிச் சுற்றி எக்கார்ட் பெட்ரோலைத் தீர்த்தார். ரோஸ்விதாவின் ஊருக்கு இறங்கும் மலைச் சரிவின் தலையில் வண்டி இருமியது. உடனே இடது கையை உயரத் தூக்கி, பின்னால் வந்த தங்கைக்கு 'கவனி' என்று காட்டினார். மேடையேறிய பாகவதர்கூட அவ்வளவு தோரணையாகக் கையைத் தூக்கியிருக்க மாட்டார். கை கீழே போய்த் திருகைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. மறுபடி தடவியது. வண்டி இன்னும் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது.

சத்தமில்லாமல் சரிவில் உருண்டு, சாலை சமதளமாகும் இடத்தில் வண்டி நின்றது. ரோஸ்விதாவின் கேரேஜ் நாலு எட்டில் இருந்தது. பங்க்குக்கு எதிர்மலையில் ஏற வேண்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றிய எக்கார்ட்டின் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. "இப்பல்லாம் பெட்ரோலே சரியில்ல," என்றார்.

"ஆமாண்ணே. தீந்து போயிடுது."

மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை.

"குட்டைக் குழாய் என்னண்ணே ஆச்சு?"

"காரை எடு. பங்க்குக்குப் போய் அஞ்சு லிட்டர் வாங்கிட்டு வந்துடலாம்."

"தாராளமா. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

அப்போதுதான் மலை உச்சியில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி இல்லை, ஏழெட்டு வண்டிகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள், வருஷத்தின் கடைசிச் சவாரியை முடித்து, டேங்க்கை நிரப்பிக்கொள்ள இதே சாலை வழியாக பங்க்குக்குப் போகிறவர்கள். அட்டையில் வரைந்த இரட்டைக் குழாயைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். எக்கார்ட்டின் கண்கள் சாலையையும் கேரேஜையும் மாறி மாறிப் பார்த்தன.

"ரோசி, கேரேஜ் கதவத் தொற."

"எதுக்குண்ணே?"

"சும்மா. வண்டி வெயில்ல நிக்குதே."

காலையிலிருந்து வானம் ஒரே மேகமூட்டம்.

"தொறக்கறேன். ஆனா உள்ள என் கேன் இருக்கு, மருந்து கலந்தது. வண்டி உள்ள வந்தா அத ஊத்திடுவேன். அப்பா விதி உனக்கே தெரியும்."

"இது பகல் கொள்ளை."

"சரி, வேணாம். உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயே கேளு. நெட்டையோ குட்டையோ, யாராவது குடுப்பாங்க."

சத்தம் முதல் வளைவைத் தாண்டியது. அடுத்த கோடையா, மானமா என்று எக்கார்ட் எடை போட்டுப் பார்த்தார். தாமாகவே வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். ரோஸ்விதா பின்னாலிருந்து கை கொடுத்தாள். கதவு இறங்கியதும் வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே கடந்து போயின. அண்ணன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்காக அவள் ஒரு நொடி பரிதாபப்பட்டாள். ஒரே ஒரு நொடி.

பிறகு கேனைச் சாய்த்தாள். டேங்க் வாய் வரை நிரம்பியது. காலி இடம் விட்டால் உள்ளே துருப்பிடிக்கும். கதவைத் தூக்கிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள், மருந்து கார்புரேட்டர் வரை போய்ச் சேரட்டும் என்று. நிறுத்தி, திருகை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வடித்தாள். பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் மாட்டினாள். டயரில் காற்று ஏற்றினாள். எலி புகாமல் இருக்க சைலன்சரில் துணி அடைத்தாள். குறை சொல்ல எக்கார்ட் எவ்வளவோ தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சாவிண்ணே."

சட்டைப் பையிலிருந்து சாவி அவள் உள்ளங்கைக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அதை இறுக மூடிக்கொண்டபோது ரோஸ்விதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்ரோல் வாடை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனைக் காரில் கொண்டுபோய் விடக் கிளம்பினாள். பாதி மலை ஏறியதும், அவள் காரில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. எக்கார்ட் அதைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலை நீட்டினார். வாயைத் திறந்தார்.

"சொல்லுண்ணே," என்றாள் ரோஸ்விதா.

எக்கார்ட் விரலை மடக்கிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.